வேலை நடக்கிறது, வியாபாரம் உண்டு

சன்னலைக் கொஞ்சம் இழுத்து விட்டுக்கிடட்டுமா சார்? காத்து காதுக்குள்ள போகுது. நீங்க மதுரை வரைக்குமா? நானும் மதுரைதான், அங்க மாறி அருப்புக்கோட்டை. தனியா இல்ல, வீட்டுக்காரியும் இந்த பஸ்லதான் இருக்கா. முன்னால, டிரைவருக்குப் பின் சீட்டுல, மெரூன் சேலை கட்டி மப்ளரைச் சுத்தியிருக்காள்ல, அவதான். ராஜகனி. வளைவுல வாந்தி வரும், முன்னால உக்காந்தா வராதுன்னு சொல்லிட்டுப் போயிட்டா. மலை ஏறும்போது எம்பக்கத்துலதான் உக்காந்து வந்தா, அப்ப வாந்தி வரல.

விஷயம் அது இல்ல சார். வத்தலக்குண்டுல இறங்கிக்கிறேங்கா. மகளைக் கட்டிக்குடுத்த ஊரு. அங்கேயே தங்கி மகளுக்குப் பிரசவம் பாக்கப்போறாளாம். அதுக்குப் பொறகாவது நம்ம வீட்டுக்கு வருவியான்னு கேட்டேன், மப்ளரை இழுத்து இறுக்கிக்கிட்டா. தலைப்பிரசவம் சார். மகளை வளையல் போட்டுத் தாய் வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றதா, இல்ல தாயே பெட்டியைத் தூக்கிட்டு சம்பந்தி வீட்டுல போயி உக்கார்றதா? ஊருல நான் தலை காட்ட முடியுமா? பஸ்ஸு மலை இறங்கி வத்தலக்குண்டு போய்ச் சேர்றதுக்குள்ள அவ மனசு மாறணும். அதான் உங்களைப் பிடிச்சு வச்சுப் பேசிக்கிட்டிருக்கேன், தப்பா எடுத்துக்காதீங்க. முழுசும் கேட்டுட்டு எம்மேல என்ன தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

எம்பேரு தவசிலிங்கம். மளிகைக் கடை. முன்னால கடை, பின்னால வீடு. எங்கப்பா ஆரம்பிச்ச கடை, நான் நிமித்துன கடை. எதுக்கும் அடைச்சதில்ல சார். எங்கம்மா தவறுன அன்னைக்குக்கூட பாதி ஷட்டரை இறக்கி வச்சேனே தவிர, முழுசா இறக்கல. பாலு வாங்க வர்றவங்க என்ன பாவம் பண்ணாங்க? சொந்தக்காரங்க முணுமுணுத்தாங்க. கேதத்துக்கு வந்த சனத்துக்குக் காப்பித்தூளும் சீனியும் எங்கருந்து போச்சு? அந்தப் பாதி ஷட்டருக்கு உள்ளேயிருந்துதான்.

அப்படிப்பட்டவன் கொடைக்கானல் வந்தேன்னா அது இவளுக்காகத்தான். கல்யாணமான புதுசுலருந்து கேட்டுக்கிட்டே இருந்தா. ஆவணியில மக சுகன்யாவுக்கு வளைகாப்பு. அவளை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சுன்னா அப்புறம் கஷாயம், பத்தியம், பிள்ளைன்னு நகர முடியாது, இப்பப் போனாத்தான் உண்டுன்னு ஒத்தக் கால்ல நின்னா. சரின்னு எம்மச்சினனைக் கல்லாவுல உக்கார வச்சிட்டுக் கிளம்பினேன். இதுவே பெரிய விஷயம் சார். கல்லாவுல இன்னொருத்தனை உக்கார வைக்கிறதுன்னா என்னன்னு கடைக்காரனுக்குத்தான் தெரியும்.

வந்து இறங்குனா பேஸ்ட்டை மறந்துட்டா. கடையில பெட்டி பெட்டியா அடுக்கிக் கிடக்கு, கடைக்காரன் பொண்டாட்டி பேஸ்ட் இல்லாம ஊருக்கு வந்திருக்கா. சிரிச்சுக்கிட்டே ரெண்டு பேரும் வாங்கப் போனோம். லாட்ஜிலருந்து கொஞ்சம் மேட்டுல ஒரு சூப்பர் மார்க்கெட். வாசல்ல பெருசா துணியில எழுதிக் கட்டியிருந்தான், ‘வேலை நடக்கிறது, வியாபாரம் உண்டு’ன்னு. அதைப் படிச்சதும் எனக்கு அந்த ஆளு மேல ஒரு மரியாதை வந்துருச்சு. நம்ம சாதி மனுசன்டான்னு தோணுச்சு. சாதின்னா அந்தச் சாதி இல்ல சார், கடையை மூடாத சாதி.

உள்ள போனா குருச்சேத்திரம். பாதிக் கடைக்கு மேலருந்து கீழ வரைக்கும் பிளாஸ்டிக் தாளைத் தொங்க விட்டிருக்கு. அந்தப் பக்கம் டைல்ஸ் அறுக்குறான், இந்தப் பக்கம் பில் போடுறான். ஊறுகாய்க்குப் பக்கத்துல ஃபினாயில், பிஸ்கட்டுக்கு மேல பல்பு. மேல சீலிங்கு பிரிச்சுக் கிடக்கு, வயரு தொங்குது. வாங்க வந்த அம்மா ஒண்ணு கடுகைத் தேடி மூணு சுத்துச் சுத்திட்டு அழுவாத குறையா நிக்கிது. எனக்குக் கை சும்மா இருக்குமா? ‘அந்தா, சாம்பிராணிக்குக் கீழ பாருங்கம்மா’ன்னு எடுத்துக் குடுத்தேன். அப்புறம் தலைகீழா நின்ன எண்ணெய்ப் பாக்கெட்டை நிமித்தி வச்சேன். அது கைப்பழக்கம், கோயிலுக்குப் போனாலே அர்ச்சனைத் தட்டுக் கடையில தேங்காயை அடுக்கி வைக்கிறவன் நானு.

அதைப் பாத்துட்டுத்தான் மேனேஜர் வந்தான். ரெஜினால்டுன்னு பேரு, நாகர்கோவில் பக்கமாம். கடைக்காரனைக் கடைக்காரன் மோந்து பிடிச்சிருவான் சார். ‘அண்ணாச்சிக்கு எந்த ஊருல கடை?’ன்னு முதல் கேள்வியே அதான். பிளாஸ்டிக்கை விலக்கிவிட்டு உள்ள கூட்டிட்டுப் போயிட்டான். செவத்துல பிளான் ஒட்டியிருந்துச்சு. இது வர்ற வழி, இது தள்ளுவண்டி போற வழி. பாலும் தயிரும் கடைசி மூலையில வைக்கப்போறான். ஏன் தெரியுமா? பாலு வாங்க வந்தவன் கடை முழுக்க நடந்துதான் போகணும். நடந்தா கண்ணு சும்மா இருக்குமா? திரும்பி வரும்போது கையில நாலு சாமான் இருக்கும். நான் இத்தனை வருசமா பாலை வாசல்லயே வச்சுக் குடுத்து அனுப்பிக்கிட்டிருந்தேன் சார். எனக்கு என்னையே செருப்பால அடிச்சுக்கிடலாம்போல இருந்துச்சு.

இதை வெறும் ஆசைன்னு நினைச்சுக்காதீங்க. எங்க தெரு முக்குல ஒரு பெரிய கடை வரப்போகுது. கண்ணாடி போட்டு, ஏசி போட்டு, நாலு ஊருல கடை வச்சிருக்கிறவன் வர்றான். இப்பவே பழைய வாடிக்கையெல்லாம் ‘எப்ப அண்ணாச்சி திறக்குறாங்க?’ன்னு எங்கிட்டயே கேக்குறாங்க. ராத்திரி படுத்தா தூக்கம் கிடையாது. கடை போச்சுன்னா நான் யாரு சார்? கடையை எடுத்துட்டா தவசிலிங்கத்துல மிச்சம் என்ன இருக்கு? அதை அவகிட்ட நான் சொல்லல. எதுக்குச் சொல்லி அவளையும் பயமுறுத்தணும்?

அவளும் அந்தக் கடையைச் சுத்திப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தா. திரும்பிப் பாத்தா, கொசுவலை வச்ச சின்னப் பிள்ளைப் படுக்கை ஒண்ணு, குடை மாதிரி விரியுமே, அதைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. ஃபினாயிலுக்கும் துடைப்பத்துக்கும் நடுவுல கிடந்திருக்கு. மேலெல்லாம் சிமெண்டுத் தூசி. முந்தானையால துடைச்சு துடைச்சுப் பாத்துக்கிட்டிருக்கா. ‘வாங்கிக்கிடலாமாங்க’ன்னு கேட்டா. நான் வையின்னு சொல்லிட்டேன். பின்ன என்ன சார்? சில்லறை விலைக்கு நாம வாங்குறதா? விருதுநகர்ல மொத்தக் கடையில சொல்லிவிட்டா பாதி விலைக்கு வந்து இறங்கும். கடைக்காரன் வீட்டுக்கு ஒரு பொருளைச் சில்லறைக்கு வாங்கினான்னு வெளியில தெரிஞ்சா தொழிலுக்கே கேவலம். ரெஜினால்டு வேற பக்கத்துலயே நிக்கிறான். அவ அதை மடிச்சு, எடுத்த எடத்துலயே வச்சிட்டா. நல்லா அடுக்கித்தான் வச்சா. அந்தப் பழக்கம் எங்கிட்டருந்து வந்தது.

மறுநாளும் போனேன். போகாம எப்படி சார் இருக்க முடியும்? அன்னைக்குத்தான் ரேக்கு மாட்டுறான். நாலு பேரு சேந்து ஒரு வரிசை ரேக்கை அப்படியே சாமானோட நகத்துறதை நீங்க பாத்திருக்கணும், தேரு நகர்ற மாதிரி. நான் பின்னால நின்னு ‘விடு, விடு, பிடி’ன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். அரிசியை இங்க வைக்காத, ஈரம் ஏறும்னு ஒரு யோசனை சொன்னேன், ரெஜினால்டு உடனே மாத்திட்டான். அவ ஏரிக்கரையில போட்டிங் டிக்கெட் வாங்கிட்டு எனக்காக நின்னிருக்கா. இந்தா வந்துட்டேன்னுதான் சொன்னேன், நேரம் போனதே தெரியல. ஒத்தையா ஏறிப் போயிட்டு வந்துட்டா. எப்படி இருந்துச்சுன்னு கேட்டதுக்கு, ‘படகுக்காரரு உங்களை எங்கன்னு கேட்டாரு’ன்னா. அவ்வளவுதான் சொன்னா. ஏரி எப்படி இருந்துச்சுன்னு சொல்லவே இல்ல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கடைக்குப் பின்னால ஒரு ரூம் இருக்கு சார். முன்னால அது மூட்டை போடுற எடம். போன வருசம் சுகன்யாவுக்குக் கல்யாணம் முடிஞ்ச கையோட இவ அதைப் பிடுங்கிக்கிட்டா. மூட்டையெல்லாம் மாடிக்கு ஏத்தச் சொல்லி, சுண்ணாம்பு அடிச்சு, நான் கொள்முதலுக்குப் போயிருந்த நேரம் பாத்து செவத்துல ஒரு சன்னலே வச்சிட்டா. மக வந்து படுக்குற ரூமாம். மகளே இன்னும் வரல, அதுக்குள்ள அந்த ரூமுக்கு சுகன்யா ரூமுன்னு பேரு. மாடிக்கு மூட்டை ஏத்தி இறக்கி எங்கிட்ட வேலை பாக்குறவனுக்கு முதுகு போச்சு. நான் ஒரு வார்த்தை பேசல, போகட்டும்னு விட்டேன்.

ரெஜினால்டோட பிளானைப் பாக்கப் பாக்க எனக்கு அந்த ரூமுதான் கண்ணுல நிக்கிது. நடுச் செவத்தை எடுத்துட்டா கடை ஒரே நீளம். வாசல்லருந்து நேரா கடைசி மூலை வரைக்கும் நடை. அந்த மூலையில பாலு, தயிரு. அவனே சொன்னான், ‘அண்ணாச்சி, வீட்டுல கேட்டுக்கிட்டுச் செய்யணும்னா இதெல்லாம் நடக்காது. உடைச்சிட்டுச் சொல்லுங்க’ன்னு. ஆடி வேற பொறக்கப்போகுது, பொறந்துட்டா செவத்துல கை வைக்க முடியாது. ரேக்கு மாட்டுன அன்னைக்கே, அங்கேயே நின்னு கொத்தனார் பால்சாமிக்குப் போனைப் போட்டேன். நாளைக்கே ஆரம்பிச்சிருன்னுட்டேன். ஊருக்குப் போயி நின்னா மனசு தளர்ந்துரும் சார், எனக்கு என்னைத் தெரியும்.

நேத்து சாயங்காலம் ஓட்டல்ல தோசை சாப்பிடும்போது அவகிட்டச் சொன்னேன். சந்தோசமாத்தான் சொன்னேன். கை துடைக்கிற தாள்ல படமெல்லாம் போட்டுக் காட்டினேன். இது கல்லா, இது நடை, இது பாலு. அவ குனிஞ்சு பாத்தா. ‘எந்தச் செவரு?’ன்னு கேட்டா. இந்தச் செவருன்னு காட்டினேன். ‘எப்ப இடிக்கப்போறாங்க?’ன்னா. காலையிலயே ஆரம்பிச்சாச்சுன்னேன். தோசையை அப்படியே வச்சிட்டா.

மக எங்க படுப்பான்னு கேட்டா. அதுக்கும் யோசிச்சு வச்சிருந்தேன் சார். கடைக்குள்ளயே சரக்கைக் கொஞ்சம் தள்ளி அடுக்கி, நடுவுல ஒரு தட்டி வச்சுக் கட்டில் போட்டா தாராளமா ஒரு ஆளும் பிள்ளையும் படுக்கலாம். இவளே அங்க படுக்கலையா? சுகன்யாவைப் பெத்து அந்த எடத்துலதான் படுத்திருந்தா. ராஜகனிக்குத் தாய் கிடையாது, சின்ன வயசுலயே போயிட்டாங்க. அதனால பிரசவத்துக்குப் பொறகும் எங்க வீட்டுலதான். ஆஸ்பத்திரியிலருந்து வந்ததும் மூட்டைகளுக்கு நடுவுல கட்டிலைப் போட்டுக் குடுத்தேன். ஒரு பக்கம் அரிசி, ஒரு பக்கம் மிளகா வத்தல். பச்சப் பிள்ளை தும்மிக்கிட்டே இருக்கும் சார், வத்தல் நெடிக்கு. கடையில இருக்கிற எனக்குக் கேக்கும். வாங்க வந்தவங்ககிட்ட, ‘பாருங்க, எம்மக பொறந்ததுமே சரக்கு நல்ல சரக்குன்னு சொல்றா’ம்பேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. இன்னைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறவங்க இருக்காங்க. நேத்து அவகிட்டயும் அதைத்தான் ஞாபகப்படுத்தினேன், கொஞ்சம் சிரிப்பாளேன்னு.

அவ சொன்னா, ‘பிள்ளை தும்மும்போதெல்லாம் எனக்குத் தையல் பிரியிற மாதிரி இருக்கும். எந்திரிச்சு அதைத் தூக்கிக்கிட்டு நிக்க எடமில்லாம மூட்டை மேல சாஞ்சு நின்னேன். எம்மக அங்க படுக்க மாட்டா.’

இத்தனை வருசத்துல இதை எங்கிட்டச் சொன்னதே இல்ல சார். நான் கடையில பத்தடி தூரத்துலதான இருந்தேன்? ஒரு சத்தம் குடுத்திருந்தா வந்திருக்க மாட்டேனா? கூட்டம் இருந்தா கொஞ்சம் முன்ன பின்ன ஆகும், ஆனா வந்திருப்பேன்.

இப்பவே போனைப் போட்டு நிறுத்தச் சொல்லுங்கன்னா. பாதிச் செவரு இருந்தாலும் கட்டிக்கிடலாம்னா. அழுகலை, கத்தலை, சாதாரணமாத்தான் சொன்னா. நானும் போனை எடுத்தேன். டவரு கிடைக்கல. மலையில அப்பப்பக் கிடைக்காது சார், எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். நேத்து காலையில, ஆரம்பிச்சாச்சான்னு பால்சாமிகிட்டக் கேக்கும்போது கிடைச்சுச்சு, அது வேற நேரம். அவ என் கையில இருக்கிற போனையே பாத்துக்கிட்டிருந்தா. அப்புறம் எந்திரிச்சு வெளியில போயி அவ போன்ல மகளுக்குப் பேசினா. அவ போனுக்கு மட்டும் எப்படியோ கிடைச்சிருக்கு. திரும்பி வந்து, ‘நான் வத்தலக்குண்டுல இறங்கிக்கிறேன்’னா. அதுக்கப்புறம் எங்கிட்டப் பேச்சே இல்ல. ராத்திரி கம்பளியைக்கூட எனக்குத்தான் போத்திவிட்டா.

அவ புரிஞ்சுக்கிடலை, மக புரிஞ்சுக்கிட்டா. காலையில பஸ் ஸ்டாண்டுல நிக்கும்போது சுகன்யாவே கூப்பிட்டா. ‘அப்பா, கடை நல்லபடியா வரட்டும்ப்பா. நான் இங்கேயே இருந்துக்கிறேன். அத்தை நானே பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாங்க. நீங்க சங்கடப்படாதீங்க’ன்னா. பாத்தீங்களா, எவ்வளவு பக்குவம். குரலு கொஞ்சம் கம்மியிருந்துச்சு, மாசமா இருக்கிற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும். அவ எங்கிட்டச் சங்கடப்படாதீங்கன்னு சொன்னதும் எனக்குச் சந்தோசம்தான், வேற என்ன? ஆனா போனை வச்ச பொறகும் அந்தக் குரலே காதுல நிக்கிது சார். சின்னதுல கீழ விழுந்து முட்டி பேந்துச்சுன்னாலும் இப்படித்தான், ‘ஒண்ணுமில்லப்பா, நீங்க யாவாரத்தைப் பாருங்க’ன்னு சொல்லும்.

சம்பந்தியம்மா பாத்துக்கிறேன்னு சொன்னது வேற எனக்குக் குத்துது. தாய் வீட்டுல எடமில்லைன்னு ஊரெல்லாம் சொல்லாம விடுவாங்களா அந்தம்மா? எடமில்லாம இல்ல, அந்த எடத்துல பாலு வைக்கப்போறோம். இதை நான் எத்தனை பேருக்கு விளக்கிச் சொல்ல முடியும்? நீங்க ஒருத்தருதான் பொறுமையாக் கேக்குறீங்க. ஏன் சார் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறீங்க? தப்புன்னு பட்டா தப்புன்னு சொல்லுங்க.

வளைவெல்லாம் முடிஞ்சிருச்சுல்ல? இனிமே தரைதான். அந்தா தென்னந்தோப்பு தெரியுது. அவளுக்கு இப்ப வாந்தி பயம் இருக்காது, இங்க வந்து உக்காரலாம். உங்களுக்குச் சிரமமில்லைன்னா நீங்க கொஞ்சம் முன் சீட்டுக்குப் போனீங்கன்னா அவ இங்க வரலாம். வேணாம் வேணாம், உக்காருங்க. இப்பக் கூப்பிட்டா வர மாட்டா. வத்தலக்குண்டு வரட்டும். எல்லாரும் இறங்குற நேரத்துல எம்மூஞ்சியைப் பாத்தான்னா ஒருவேளை மனசு இளகும். நான் என்ன சொல்லணும்னு நினைச்சு வச்சிருக்கேன். ‘ராஜகனி, மாடியில ஒரு தகரக் கொட்டகை போட்டுத் தர்றேன், மகளை அங்க வச்சுக்கிடலாம்’னு. வெயிலு கொஞ்சம் இறங்கும், ஃபேன் போட்டுக்கிடலாம்.

வந்துருச்சு. எந்திரிச்சிட்டா. பையு இங்க நமக்கு மேலதான் இருக்கு, அதை எடுக்க இங்க வந்துதான ஆகணும். வர்றா. வா ராஜகனி. நானே எடுத்து…

உங்ககிட்டவா கேட்டா? எடுத்துக் குடுங்க சார், பரவாயில்ல, அந்த நீலப் பைதான். கொஞ்சம் கனமாத்தான் இருக்கும்.

பாத்தீங்களா சார்? நான் இங்க நிக்கிறேன், கை நீட்டிக்கிட்டு நிக்கிறேன். யாரோ ஒரு அசலாளுகிட்ட, ‘சார், அந்தப் பையை எடுத்துத் தர்றீங்களா’ங்குறா. நான் தகரக் கொட்டகையைச் சொல்றதுக்கு வாயைத் திறக்குறதுக்குள்ள போயிட்டா. அந்தா, ஆட்டோகிட்ட நிக்கிறா. திரும்பிப் பாப்பா. பஸ்ஸு எடுக்கும்போது எல்லாரும் ஒரு தடவை திரும்பிப் பாப்பாங்க.

பாக்கல.

நானும் இறங்கியிருக்கணுங்கிறீங்களா? எப்படி சார் இறங்குறது? அங்க செவரு இடிச்சுக் கிடக்கு, தூசியில சரக்கெல்லாம் கிடக்கு, மச்சினனுக்கு ஒண்ணும் தெரியாது. நான் போகலைன்னா கடை…

இருங்க, போனு. பால்சாமிதான். ஆங், சொல்லு பால்சாமி. பஸ்ல வந்துக்கிட்டிருக்கேன். முழுசும் எடுத்தாச்சா? சன்னலையும் அடைச்சாச்சா? சரி. என்னது? கொக்கியா? எந்தக் கொக்கி? அங்க ஏது உத்தரத்துல கொக்கி? நீயா போட்ட? யாரு போடச் சொன்னது? எப்ப, நாங்க கிளம்புறதுக்கு முந்துன நாளா? ம். ம். தொட்டிலுக்கா. சரி சரி. அதை அறுக்க வேணாம், இருக்கட்டும். வாழைத்தாரு தொங்கவிட ஆகும். வச்சிர்றேன்.

ஒண்ணுமில்ல சார். அந்த ரூமுல மேல உத்தரத்துல ராஜகனி இரும்புக் கொக்கி போட்டிருக்காளாம். பக்கத்துல நின்னு, நல்லாக் கெட்டியாப் போடுங்கன்னு, கையால தொங்கிப் பாக்கச் சொல்லிப் போட வச்சாளாம். சார், அந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் குடுங்க. கட்டுன புருசன் ஒருத்தன் வீட்டுல இருக்கேன். உத்தரத்துலயே துளை போட்டிருக்கா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு அவளுக்குத் தோணவே இல்ல பாருங்க.